தண்ணீரைக் கலக்கி உலகைக் கலக்கியவர்!

அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையம் என்று ஓர் ஊர் உண்டு. சிமெண்டு ஆலை உள்ள ஊர். பூமியிலிருந்து வெட்டி எடுத்த சுண்ணாம்புக்கல்லை அங்கே பெரிய உலையில் இட்டுச் சுடுகிறார்கள். உலைக்குள் இருக்கும் உஷ்ணம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1,450 டிகிரி!

மார்கழி மாதக் காலையில் அதே ஊரின் வீடுகளில் வேறொரு காட்சி. பிள்ளைகள் குளிப்பதற்காக, வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடைப் போட்டுச் சூடாக்குகிறார்கள்.

அது ராட்சத உலை. இது சின்ன வாளி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். அந்த அளவுகோலுக்கு ஒரு மனிதரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் பெயர் ஜூல். முழுப் பெயர், ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல்.

அவர் கல்லூரிப் படியை மிதித்துப் படித்தவர் அல்ல. பேராசிரியரும் அல்ல. பீர் ஆலை முதலாளியின் மகன். பகலில் ஆலை வேலை. மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. இப்படி வாழ்ந்தவர்தான், உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு கொள்கையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்!

நோஞ்சான் பிள்ளை

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரை ஒட்டி சால்போர்டு என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1818-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி ஜூல் பிறந்தார். தந்தையின் பெயர் பெஞ்சமின். தாயார் ஆலிஸ். தந்தை பெரிய பீர் ஆலைக்குச் சொந்தக்காரர். வீட்டில் பணத்துக்குப் பஞ்சம் இல்லை.

ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. முதுகெலும்பில் கோளாறு. கூச்ச சுபாவம் வேறு. நாலு பேர் முன்னால் வந்து பேசமாட்டார். அதனால் அவரைப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படிக்க வைத்தார்கள்.

1834-ஆம் ஆண்டு ஜூலுக்கும் அவருடைய அண்ணனுக்கும் ஒரு பெரியவரிடம் பாடம் கேட்கும் பாக்கியம் கிடைத்தது. அந்தப் பெரியவர் ஜான் டால்டன். அணுக் கொள்கையை வகுத்த மாமேதை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அவர் பிழைப்பு நடத்தினார்.

டால்டன் முதலில் கணக்கைத்தான் கற்றுக் கொடுத்தார். எதையும் தானே அளந்து பார்க்க வேண்டும், அளக்காமல் நம்பக் கூடாது என்ற பாடம் இளம் ஜூலின் மனதில் பதிந்தது. சில ஆண்டுகளில் டால்டனைப் பக்கவாதம் தாக்கியது. பாடம் நின்றது. ஆனால் பற்ற வைத்த தீபம் அணையவில்லை.

வீட்டில் அண்ணனும் தம்பியும் மின்சார விளையாட்டில் இறங்கினார்கள். ஒருவருக்கு ஒருவர் மின்சார அதிர்ச்சி கொடுத்துக் கொள்வார்கள். வீட்டு வேலைக்காரர்களையும் விடுவதில்லை! மகனின் ஆர்வத்தைக் கண்ட தந்தை, வீட்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக் கொடுத்தார்.

ஆலை கற்றுக் கொடுத்த பாடம்

பீர் காய்ச்சும் தொழிலில் எல்லாம் உஷ்ணம்தான்.

முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊற வைப்பார்கள். தண்ணீர் சுமார் 65 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் பார்லியில் உள்ள மாவு சரியாகச் சர்க்கரை ஆகாது. மிகவும் கூடினால் அந்த வேலையே நின்றுவிடும். பிறகு சாற்றை வடித்துக் கொதிக்க வைக்க வேண்டும். கொதித்த சாறு நன்றாக ஆறிய பிறகுதான் ஈஸ்டைச் சேர்க்கலாம். சூட்டோடு சேர்த்தால் ஈஸ்ட் செத்துப் போகும். அண்டா அண்டாவாகக் காய்ச்சியதெல்லாம் வீண்!

ஆகவே ஆலைக்காரருக்கு உஷ்ணமானிதான் உயிர். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு நெருப்பு வேண்டும், எத்தனை நேரம் ஆகும், நிலக்கரிக்கு எவ்வளவு செலவாகும் என்பது அன்றாடக் கணக்கு.

இந்தக் கணக்கிலேயே ஜூல் வளர்ந்தார். உஷ்ணத்தைத் துல்லியமாக அளப்பது அவருக்குக் கைவந்த கலை ஆயிற்று. மான்செஸ்டரில் கருவிகள் செய்த டான்சர் என்பவர் அவருக்கு மிக நுட்பமான உஷ்ணமானிகளைச் செய்து கொடுத்தார். பாரன்ஹீட் டிகிரி ஒன்றை 200 பங்காக்கினால் வரும் ஒரு பங்கைக்கூட ஜூல் படித்துச் சொல்வார்!

நீராவியா? மின்சாரமா?

அப்போது எல்லா ஆலைகளையும் நீராவி எந்திரம்தான் ஓட்டியது. மின்சார மோட்டார் புதிதாக வந்திருந்தது. நிலக்கரி வேண்டாம், புகை வேண்டாம், மின்சாரமே எல்லா வேலையையும் செய்துவிடும் என்று பலர் கனவு கண்டார்கள்.

இளைஞரான ஜூலுக்கும் அந்த ஆசை வந்தது. ஆலையில் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு மின்சார மோட்டாரை வைத்தால் என்ன? 19 வயதிலேயே மோட்டார் செய்து பார்த்தார். 1838-ல் அதுபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார்.

ஆனால் அவர் டால்டனின் மாணவர் அல்லவா? கனவோடு நிற்கவில்லை. கணக்குப் போட்டார்.

அந்தக் காலத்தில் மின்சாரம் பாட்டரியிலிருந்து வந்தது. பாட்டரி ஓட, துத்தநாகம் கரைய வேண்டும். ஒரு ராத்தல் துத்தநாகம் எவ்வளவு வேலை செய்கிறது? ஒரு ராத்தல் நிலக்கரி எவ்வளவு வேலை செய்கிறது? இரண்டையும் ஒப்பிட்டார். நல்ல நீராவி எந்திரத்தில் நிலக்கரி செய்யும் வேலையில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் துத்தநாகம் செய்தது. விலையிலோ துத்தநாகம் எங்கோ நின்றது!

ஆசைப்பட்ட காரியம் கட்டுப்படியாகாது என்று அவருடைய கணக்கே சொல்லிவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை. வெளிப்படையாக எழுதினார். மோட்டார் தோற்றது. ஆனால் மனதில் ஒரு கேள்வி முளைத்தது. வேலைக்கும் உஷ்ணத்துக்கும் என்ன உறவு?

கம்பி ஏன் சுடுகிறது?

மின்சாரம் பாயும் கம்பி சுடுகிறது. ஏன்? எவ்வளவு சுடும்? கம்பியைத் தண்ணீரில் வைத்து அளந்து பார்த்தார் ஜூல்.

1840-ல் விடை கிடைத்தது. மின்சாரம் இரு மடங்கானால், சூடு இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகும். மின்சாரம் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு! கம்பியின் தடை கூடக் கூட, அதற்கேற்பச் சூடும் கூடும். இதுவே ஜூல் விதி.

அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை. கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அவர்கள் அதன் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டார்கள். முழுக் கட்டுரை 1841-ல் வேறு பத்திரிகையில் வந்தது.

இன்று வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், மின்சார அடுப்பு எல்லாம் இந்த விதிப்படிதான் சுடுகின்றன. வீட்டைக் காப்பாற்றும் பியூஸ் கம்பி உருகுவதும் இதே விதிப்படிதான்.

யாரும் கேட்கவில்லை!

உஷ்ணம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைத் திரவம். அது ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பாய்கிறது. அதைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதுவே அந்தக் காலத்தில் பெரும்பாலான விஞ்ஞானிகளின் நம்பிக்கை.

அப்படி அல்ல என்றார் ஜூல். உழைப்பு உஷ்ணமாக மாறுகிறது. இன்ன அளவு உழைப்புக்கு இன்ன அளவு உஷ்ணம் என்று கணக்கு உண்டு. உழைப்பு வீணாகிப் போவதே இல்லை, உருவம்தான் மாறுகிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

1843-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அயர்லாந்தில் கார்க் நகரில் விஞ்ஞானிகள் மாநாடு நடந்தது. அங்கே ஜூல் தமது ஆராய்ச்சியை எடுத்துச் சொன்னார். சபை மௌனமாக இருந்தது. பாராட்டும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. மறு ஆண்டு ராயல் சொசைட்டிக்கு இன்னொரு கட்டுரை அனுப்பினார். அது திரும்பி வந்துவிட்டது.

பீர் ஆலைக்காரருக்கு விஞ்ஞானம் எதற்கு என்று உலகம் நினைத்ததோ என்னவோ! ஜூல் சோர்ந்துவிடவில்லை. மேலும் துல்லியமாக அளக்கத் தொடங்கினார்.

தண்ணீரைக் கலக்கினார்

அவர் செய்த சோதனை பார்ப்பதற்கு மிக எளியது. செம்பினால் ஆன பாத்திரம் ஒன்று. அதில் நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் துடுப்புகள் பொருத்திய சக்கரம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையில் ஈயக் குண்டுகளைத் தொங்கவிட்டார். குண்டு கீழே இறங்கும்போது கயிறு இழுக்கும். துடுப்பு சுழலும். தண்ணீர் கலங்கும். கலங்கக் கலங்கத் தண்ணீர் சுட வேண்டும்.

சுட்டதா? சுட்டது. ஆனால் எவ்வளவு கொஞ்சம்! குண்டுகளை 20 தடவை தூக்கி, 20 தடவை இறக்கிய பிறகு, பாரன்ஹீட் டிகிரியில் ஏறத்தாழப் பாதிதான் ஏறியது. பக்கத்தில் நிற்பவரின் உடம்புச் சூடுகூடக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் சூடு மாறாத நிலவறையில் சோதனையை நடத்தினார். காற்று எவ்வளவு சூட்டைத் திருடியது, பாத்திரம் எவ்வளவு குடித்தது என்றெல்லாம் கழித்துக் கணக்கிட்டார். ஆலையில் பழகிய கண்ணும் கையும் இங்கே கை கொடுத்தன.

தண்ணீரோடு நிற்கவில்லை. பாதரசத்தைக் கலக்கினார். இரும்போடு இரும்பை உராய வைத்தார். எல்லாவற்றிலும் விடை ஒன்றையொன்று ஒட்டியே வந்தது.

772 ராத்தல் எடை ஓர் அடி கீழே இறங்கினால், அந்த உழைப்பு ஒரு ராத்தல் தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்கும். இதுதான் அவர் கண்ட கணக்கு. இன்றைய கருவிகள் சொல்லும் கணக்கு ஏறத்தாழ 778. கயிறும் குண்டும் உஷ்ணமானியும் வைத்துக்கொண்டு, நூற்றுக்கு ஒன்றுகூடப் பிசகாமல் அளந்துவிட்டார்!

ஓர் இளைஞர் எழுந்தார்

1847-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மான்செஸ்டரில் ஒரு தேவாலயத்தின் வாசகசாலையில் ஜூல் பிரசங்கம் செய்தார். விஞ்ஞானப் பத்திரிகைகள் கவனிக்காததை, ஊர்ச் செய்தித்தாள் ஒன்று முழுவதுமாக வெளியிட்டது. அந்தப் பத்திரிகையில் அவருடைய அண்ணன் சங்கீத விமர்சனம் எழுதி வந்தார். அண்ணன் உடையான் படைக்கு அஞ்சான் அல்லவா!

அதே ஆண்டு ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் மாநாடு. நேரம் இல்லை, சுருக்கமாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். ஜூல் சொல்லி முடித்தார். வழக்கம்போல் அடுத்தவரை அழைக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போது கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர்தான் வில்லியம் தாம்சன். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். பின்னாளில் கெல்வின் பிரபு என்று உலகப் புகழ் பெற்றவர். முதலில் அவருக்கும் நம்பிக்கை இல்லை. ஆனால் அன்று கேட்டதை அவரால் மறக்க முடியவில்லை. இருவரும் ஆயுட்கால நண்பர்கள் ஆனார்கள்.

ஆகஸ்டு மாதம் ஜூலுக்கும் அமீலியாவுக்கும் கல்யாணம் நடந்தது. மணமக்கள் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் சென்றார்கள். அங்கே தாம்சன் தற்செயலாக அவர்களைச் சந்தித்தார். புது மாப்பிள்ளையின் கையில் என்ன இருந்தது தெரியுமா? நீண்ட உஷ்ணமானி! மேலிருந்து விழும் அருவி, கீழே வந்ததும் எவ்வளவு சூடேறுகிறது என்று அளக்கப் புறப்பட்டிருந்தார். தாம்சனே பின்னாளில் சொன்ன சம்பவம் இது. அருவி திவலை திவலையாகச் சிதறியதால் அளவு சரியாகக் கிடைக்கவில்லை.

1849-ல் ஜூலின் கட்டுரையை மாமேதை பாரடே ராயல் சொசைட்டிக்குச் சமர்ப்பித்தார். ஒருமுறை கட்டுரையைத் திருப்பி அனுப்பிய அதே சங்கம், 1850-ல் ஜூலைத் தன் உறுப்பினர் ஆக்கிக்கொண்டது!

இதே உண்மையை ஜெர்மனியில் மேயர் என்ற டாக்டர் 1842-லேயே எழுதியிருந்தார். யார் முந்தி என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. இன்று இருவருக்கும் பெருமையில் பங்கு உண்டு. ஆனால் சோதனைக்கு மேல் சோதனை செய்து, உலகம் மறுக்க முடியாதபடி அளந்து காட்டியவர் ஜூல்தான்.

துயரமும் உழைப்பும்

புகழ் வந்த நேரத்தில் துயரமும் வந்தது. 1854-ஆம் ஆண்டு அமீலியா இறந்து போனார். அப்போது பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. ஒரு மகனும் ஒரு மகளும் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். அதே ஆண்டு பீர் ஆலையும் கைமாறியது. ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. தாம்சனும் அவரும் சேர்ந்து இன்னொரு உண்மையைக் கண்டிருந்தார்கள். நெருக்கி அடைத்த வாயுவைச் சிறு துவாரம் வழியாக விட்டால், சாதாரணமாக அது குளிர்ந்து போகும். காற்றையே திரவமாக்கும் தொழிலுக்கு இது வழி திறந்தது.

சொந்தப் பணத்தில் ஆராய்ச்சி செய்தவர் ஜூல். முதுமையில் கை வறண்டது. 1878-ல் இங்கிலாந்து அரசாங்கம் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை அளித்தது. அதே ஆண்டு, அறுபதை நெருங்கும் வயதில், பழைய சோதனையை மீண்டும் செய்து பார்த்தார். இந்தத் தடவை கிடைத்த எண் 772.55.

1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிசில் மின்சார நிபுணர்களின் சர்வதேச மாநாடு கூடியது. சக்தியின் அளவுக்கு ஜூல் என்று பெயரிடத் தீர்மானித்தது. சில வாரங்களில், அக்டோபர் 11-ந் தேதி, சேல் என்ற ஊரில் ஜூல் கண்ணை மூடினார். அவருடைய கல்லறையில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். மான்செஸ்டர் நகர மண்டபத்தில் குரு டால்டனுக்கும் சிலை உண்டு; சீடர் ஜூலுக்கும் சிலை உண்டு.

வீட்டுக்கு வந்த ஜூல்

ஜூலின் கணக்கு இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் உதவுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி (செல்சியஸ்) சூடாக்க, ஏறத்தாழ 4,200 ஜூல் சக்தி வேண்டும். ஹீட்டரில் எழுதியிருக்கும் வாட் என்பது, வினாடிக்கு ஒரு ஜூல். 1,000 வாட் ஹீட்டர் ஒரு வினாடியில் 1,000 ஜூல் தரும். மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். இவ்வளவு தெரிந்தால் போதும். எந்த ஹீட்டர் வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டாம்.

ஒரு வாளியில் 20 லிட்டர் தண்ணீர். சூடு 25 டிகிரி. குளிப்பதற்கு 45 டிகிரி வேண்டும். 20 லிட்டரை 20 டிகிரி ஏற்ற, 16 லட்சத்து 80 ஆயிரம் ஜூல் தேவை. 1,000 வாட் ராடு 28 நிமிஷம் எடுக்கும். 1,500 வாட் ராடு 19 நிமிஷத்தில் முடிக்கும். இரண்டிலும் யூனிட் ஒன்றுதான். பெரிய ராடு என்றால் கரண்ட் அதிகம் தின்னும் என்பது தவறு. நேரம்தான் குறையும்.

மேல்நாடுகளில் வீட்டிலேயே சிறிய அளவில் பீர் காய்ச்சிக் கொள்ளும் வழக்கம் உண்டு. இங்கிலாந்தில் 1963 முதல் அதற்கு லைசென்சு வேண்டியதில்லை. நம் தமிழ்நாட்டில் அப்படிக் காய்ச்சுவது குற்றம். ஆனால் அவர்கள் போடும் கணக்கு நமக்கும் பயன்படும். ஒருவர் 20 லிட்டர் காய்ச்சுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக, ஏறத்தாழ 59 லட்சம் ஜூல் வேண்டும். 1,000 வாட் என்றால் 98 நிமிஷம். 2,000 வாட் என்றால் 49 நிமிஷம். 3,000 வாட் என்றால் 33 நிமிஷம். காற்றில் போகும் சூட்டையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஆகும். 10 லிட்டர்தான் என்றால் எல்லாம் பாதி.

ஹீட்டர் மிகவும் சிறியதானால் என்ன ஆகும்? கொதிநிலையை நெருங்கும்போது, ஹீட்டர் தரும் சூடு முழுவதையும் காற்றும் ஆவியும் தின்றுவிடும். தளதளவென்று கொதிக்கவே கொதிக்காது. மூடி போட்டால் ஓரளவு தப்பலாம். ஹீட்டர் மிகவும் பெரியதானால்? சர்க்கரை கலந்த சாறு அடிப்பிடித்துக் கருகும். பாயசம் காய்ச்சும் தாய்மாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இன்னொரு முக்கிய விஷயம், வீட்டு வயரிங். 1,000 வாட் ராடு சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர். 3,000 வாட் என்றால் 13 ஆம்பியர். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் 1,500 வாட் ராடைச் செருகக் கூடாது. மின்சாரம் இரு மடங்கானால் கம்பியில் சூடு நான்கு மடங்கு என்ற ஜூல் விதியை மறந்தால், தண்ணீர் சுடுவதற்கு முன் சுவருக்குள் வயர் சுட்டுவிடும். பெரிய ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பிளக்கும், தடித்த வயரும், எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதில் சிறிதும் அசட்டை கூடாது.

இனி ரெட்டிபாளையத்து உலைக்கு வருவோம். சுண்ணாம்புக்கல் உலையில் வெந்து கிளிங்கர் என்ற கட்டி ஆகிறது. அதை அரைத்தால் சிமெண்டு. நவீன உலைகளில் ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ 30 லட்சம் ஜூல் உஷ்ணம் செலவாகிறது. வீட்டில் 10 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கும் ஏறத்தாழ அதே செலவுதான்!

ராட்சத உலையும் சின்ன வாளியும் ஒரே கணக்கில் அடங்கிவிட்டன. அடக்கிக் காட்டியவர், உடல்நலம் இல்லாமல், பள்ளிக்கும் போகாமல், பீர் ஆலையின் உஷ்ணமானியைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை. சபை மௌனமாக இருந்தபோதும் அவர் அளப்பதை நிறுத்தவில்லை. அதனால்தான் இன்று உலகம் சக்தியை அளக்கும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்கிறது.